எல்லோர் முழங்கையிலும் ஓடும் நரம்பு

போன மாதம் என் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. வயதானால் ஏதாவது ஒன்று மரக்கத்தான் செய்யும் என்று நான் சும்மா இருந்தேன். மகள் சும்மா இருக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி நாகல் நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கினாள். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து முழங்கையை மடக்கி, மறுகை விரல்களை முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் வைத்தாள். வைத்துவிட்டு முழங்கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள், பாவம்.

பிறகு பசை தடவி ஸ்கேனும் எடுத்தார்கள். என் நரம்பை நானே டி.வி.யில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் பேப்பர் படித்ததால் வந்த வினையாம். "பேப்பரை மேசையில வச்சுப் படிங்க தாத்தா" என்றாள். அப்புறம், "நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். "முழங்கை தொடுற வேலை" என்றேன். சிரித்தாள். விளக்கிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்ததால், "எழுதிக் குடுங்க, எங்க ஆளுங்களும் படிக்கட்டும்" என்றாள். அவள் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலைக்குக் காகிதத்தில் தொழுநோய் ஆய்வாளர் என்று பெயர். ஊர் எனக்கு வைத்த பெயர் முழங்கை சார். ஐம்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். பெண் கொடுக்க இருந்தவர்கள், மாப்பிள்ளை குஷ்டரோகிகளைத் தொடுகிற வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் தெறித்து ஓடினார்கள். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, எனக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். மாதா அதைக் காதில் போட்டுக்கொள்ளாததற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. சில மாதங்கள் சென்னைப் பக்கம் இருந்தோம். பாதி நாள் ஒருவர் முழங்கையை ஒருவர் தடவிக்கொண்டிருந்தோம். உண்மையான படிப்பு திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு, டாக்டர் எஸ்தர் அம்மாவிடம்தான்.

அங்கே இருந்த தொழுநோய் நிலையத்தின் தலைமை அவர்தான். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தோளில் ஒரு துண்டு. கோபம் வந்தால் 'நீங்க' என்பது 'தாங்கள்' ஆகிவிடும். "தாங்கள் எதைத் தொட்டீர்கள் என்று தாங்களே சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் நமக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நோயாளிகளிடம் மட்டும் அந்தக் குரல் வராது. யாரைத் தொடுவதற்கு முன்னும் தன் ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளி, "முதல்ல என் முழங்கையைத் தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டுவார். யாருமே தொடாத ஆட்கள் அவர்கள். டீக்கடையில் கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்தவர்கள். தயங்கித் தயங்கித் தொடுவார்கள். "இதே மாதிரிதான் உங்களுக்கும் பாக்கப் போறேன்" என்பார். முதல் தடவை அதைப் பார்த்த அன்று நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே நிற்க முடியவில்லை.

இந்த நோய் தோலில் தெரிவதற்கு முன்பே சில பேருக்கு நரம்பைத் தடிக்கவைத்துவிடும். அதை விரலால் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. முழங்கையை லேசாக மடக்கினால் பின்னால் ஒரு முனை தெரியும், உள்பக்கம் இன்னொரு முனை தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகிறது. கதவில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்டு அடித்த மாதிரி இருக்குமே, அது இதுதான். நோய் புகுந்த நரம்பில் அந்தச் சுர் பெரும்பாலும் மங்கிவிடும். பள்ளத்தில் பிடித்து மேல்நோக்கி விரலால் உருட்டிக்கொண்டே போக வேண்டும். அடுத்த கையையும் பார்த்து, இரண்டும் ஒரே பருமன்தானா என்று மனசுக்குள் நிறுத்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டிலும் ஒன்று உண்டு. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் ஓரத்தில், சற்று மேலே, தோலுக்கு அடியில் மெல்லிய சணல் மாதிரி நழுவும்.

மணிக்கட்டில்தான் நான் முதலில் மூக்குடைந்தேன். பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற ஒருவர் வந்தார். மணிக்கட்டில் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. "நரம்பு தடிச்சிருக்கு டாக்டர்" என்றேன் பெருமையாக. அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "விரலை மடக்கி நீட்டுங்க" என்றார். அவர் விரலை ஆட்ட ஆட்ட, என் கைக்குள் அந்தக் கயிறு முன்னும் பின்னும் ஓடியது. "ஓடுறது தசைநார். நரம்பு இப்படி ஓடாது. தாங்கள் இதைத் தூக்கத்திலும் மறக்க வேண்டாம்" என்றார் என்னிடம். அவரிடம், "அரம் புடிச்ச கை இப்படித்தான் இருக்கும், போய் வேலையைப் பாருங்க" என்றார். அந்த ஆள் எழுந்து போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

டாக்டரம்மா விதித்த விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, விரல் முழங்கையில் இருக்கும்போது கண் முகத்தில் இருக்க வேண்டும். வலித்தாலும், சுர்ரென்று ஓடினாலும், ஒன்றுமே தெரியாவிட்டாலும் வாய் பொய் சொல்லும், முகம் சொல்லாது. இரண்டாவது, கை நிற்கக் கூடாது. ஊரில் வரிசையாக நிற்க வைத்துப் பார்க்கும்போது அத்தனை கண்ணும் நம் கையில்தான் இருக்கும். ஒருவர் முழங்கையில் செத்த நேரம் கூடுதலாக நின்றுவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தடிப்பு தெரிந்தால் மற்றவர்களிடம் பேசுவது போலவே எதையாவது பேசிவிட்டு அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். பிறகு ரத்தச் சோகை மாத்திரை தருகிறோம் என்று நாலைந்து பேரோடு சேர்த்து அவரையும் தனியே கூப்பிடுவோம்.

இப்படிச் சில வருஷம் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தேன். அகரம், வடமதுரை, நடுவில் இருக்கிற அத்தனை பட்டிகளும் எனக்கு முழங்கையாகத்தான் நினைவிருக்கின்றன. ஒரு நாள் எங்கள் வேலையே எங்களுக்கு வினையாக வந்தது.

அகரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரையும் மாற்றியே எழுதுகிறேன். அங்கே மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த சுப்பையா என்பவர் காலையில் நிலையத்துக்கு வந்தார். வந்த வேகத்தில் மேசையைத் தட்டினார்.

"சார், நீங்க வருசா வருசம் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்ததுல ஊருக்கே அது பழகிப்போச்சு. இப்ப அவுகவுகளே பாக்க ஆரம்பிச்சுட்டாக. எம் மக வாழ்க்கை போச்சு."

நடந்தது இதுதான். அவர் மகள் மரகதத்தைப் பெண் பார்க்க அதே ஊரில் வடக்குத் தெருவிலிருந்து வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை காசி, அவன் தாயார் பேச்சியம்மா. அந்த அம்மா, "வா தாயி, பக்கத்துல உக்காரு" என்று மரகதத்தை உட்காரவைத்து, கையைத் தடவிக் கொடுப்பது போலத் தடவி, முழங்கைக்குப் போய் உருட்டிப் பார்த்திருக்கிறார். விரலில் கயிறு மாதிரி ஒன்று தட்டியிருக்கிறது. வைத்த காப்பியைக் குடிக்காமல், வெற்றிலை பாக்கு எடுக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

நரம்பு யாருக்குத்தான் இல்லை? ஆனால் ஊருக்கு அது தெரியாது. கயிறு இருந்தால் வியாதி என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. நாங்கள் தொடுவதை மட்டும் பார்த்தார்கள், எதைத் தேடுகிறோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

"புள்ளை எங்க?" என்றார் டாக்டரம்மா. வெளியே வண்டியில் இருந்தாள். உள்ளே வந்ததும் வழக்கம்போலத் தன் முழங்கையைத் தொடச் சொன்னார். பிறகு மரகதத்தின் கழுத்து, இரண்டு முழங்கைகள், மணிக்கட்டுகள் எல்லாம் பார்த்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று முதுகையும் பார்த்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல. ஒல்லிப் புள்ள, கையில சதை இல்ல. அதான் நரம்பு கைக்குத் தட்டுது."

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா" என்றார் சுப்பையா.

"தாள் குடுத்தா, தாள் வாங்குற அளவுக்கு ஏதோ இருந்திருக்குன்னு பேசுவாங்க. வேணாம்."

மரகதம் தலை குனிந்தபடியே சொன்னாள். "கலியாணம் போனாப் போகுதும்மா. நான் கட்டுற பூவ யாரும் வாங்க மாட்டேங்குறாக. சாமிக்குப் போடுறதக்கூட வேணாம்னுட்டாக."

டாக்டரம்மா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றுமில்லாத கை. பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போறோம். எல்லாரும் வரணும்னு தலையாரிகிட்டச் சொல்லுங்க" என்றார்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூட வராந்தாவில் பெண்கள், வெளியே புளியமரத்தடியில் ஆண்கள். டாக்டரம்மா நடுவில் நின்றுகொண்டு, "இன்னைக்கு நாங்க யாரையும் தொடப்போறது இல்ல. நீங்கதான் தொடப்போறீங்க" என்றார். என்னைக் கூப்பிட்டார். என் சட்டைக் கையை மடித்துவிட்டு என் முழங்கையை ஊருக்குக் காட்டினார். அன்று அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் என் முழங்கையை அமுக்கிப் பார்த்தார்கள். சிலர் மாவு பிசைகிற பலத்தில் அமுக்கினார்கள்.

"சாருக்கும் இருக்குடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

"எனக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கு. அவங்கவங்க கையில பாருங்க" என்றார் டாக்டரம்மா.

வராந்தா முழுக்க அவரவர் முழங்கையைத் தேட ஆரம்பித்தார்கள். செத்த நேரத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் சத்தம். "ஆத்தாடி, சுர்ருன்னு ஓடுது!" "பம்புசெட்டுல ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு!" மரத்தடியில் தலையாரி தன் முழங்கையை அமுக்கிவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினார். ஊரே சிரித்தது. மரகதம் தூணோரம் ஒதுங்கி நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்து டாக்டரம்மா செய்ததுதான் கொஞ்சம் கூடுதல். எனக்கு அப்போதே தோன்றியது, சொல்ல வாய் வரவில்லை. பேச்சியம்மாவை முன்னே வரச் சொன்னார். மரகதத்தையும் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீங்க இந்தப் புள்ள கையைத் தொட்டுப் பாத்தீங்க. இன்னைக்கு அவ உங்க கையைத் தொட்டுப் பாக்கட்டும். எல்லாருக்கும் ஒண்ணுதான்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

சிரிப்பு அடங்கியது. பேச்சியம்மா திடமான பெண்மணி. கூச்சப்படாமல் வலது கையை நீட்டினார். மரகதம் எங்கள் டாக்டரம்மா பிடித்தது போலவே மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை மடக்கி, பள்ளத்தில் விரலை வைத்து அமுக்கினாள்.

எனக்குப் பழக்கம் விடவில்லை. நான் பேச்சியம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. புருவம்கூட அசையவில்லை. மரகதம் கொஞ்சம் மேலே விரலை உருட்டுவதும் தெரிந்தது. டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், துண்டைக் கெட்டியாகப் பிடித்தபடி. ஊரே மரகதத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எனக்கு இருக்குற மாதிரியேதான் அத்தைக்கும் இருக்கு" என்றாள் மரகதம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "சுர்ருன்னு ஓடுதுல்ல அத்தை?"

பேச்சியம்மா அவளைப் பார்த்தார். "ஆமா தாயி, ஓடுது" என்றார்.

மரகதம் கையை எடுத்தாள். அடுத்த நிமிஷம், "ஏ பேச்சி, உனக்கும் கயிறு இருக்குல்ல! அப்புறம் என்னத்துக்குக் காப்பியைக் குடிக்காம வந்தே?" என்று ஒரு கிழவி கேட்க, மறுபடியும் சிரிப்பு. பேச்சியம்மாவும் சிரித்தார். "வெள்ளிக்கிழமை தட்டோட வாரேன் சுப்பையாண்ணே" என்றார்.

அன்று ரத்தச் சோகை மாத்திரைக்காக ஐந்தாறு பெண்களை ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டோம். அதில் பேச்சியம்மாவும் ஒருவர். டாக்டரம்மா அவர் முதுகில் ஒரு வெளிறிய தேமலைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா கண்ணில் என்றைக்கும் படமுடியாத இடம். பஞ்சு பட்டாலும் தெரியவில்லை, ஊசி முனை பட்டாலும் தெரியவில்லை. ஆரம்பம்தான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் கை மடங்காது, மகன் கலியாணத்துக்கும் ஒரு குறையும் வராது என்று சொல்லிப் புரியவைத்தார். பேச்சியம்மா அழவில்லை. "ஊருக்குத் தெரியாம வர முடியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

திரும்பும்போது ஜீப்பில் தாடிக்கொம்பு தாண்டியதும் டாக்டரம்மா, "நான் அவசரப்பட்டுட்டேன். அந்த அம்மாவை முன்னாடியே தனியாப் பாக்காம நடுவுல நிறுத்தினது தப்பு. ஊருக்கு முன்னாலயே எல்லாம் போயிருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? நல்ல வேளை, தெரியாம காப்பாத்துச்சு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கலியாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. டாக்டரம்மா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுவாரம் மாத்திரை வாங்கும் நாளில் பேச்சியம்மா வரமாட்டார் என்று நான் நினைத்தேன். முதல் ஆளாக வந்தார். கூடவே பூக்கூடையோடு மரகதம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருமகளோடு வந்தால் ரகசியம் என்ன ஆவது?

"அவளுக்குத் தெரியும் சார்" என்றார் பேச்சியம்மா. "தட்டு மாத்தப் போன அன்னைக்கு நானே கொல்லப்பக்கம் கூட்டிட்டுப் போயி, 'எனக்குத்தான் அந்த வியாதி, எங்க வீட்டுக்கு வர இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிரு'ன்னேன். 'அன்னைக்கே தெரியும் அத்தை, உங்களுது என் சுண்டுவிரல் மொத்தத்துக்கு இருந்துச்சு'ங்குறா. வாயப் பாத்தீகளா இதுக்கு?"

மரகதம் கூடையைக் கீழே வைத்தாள். "என்னையச் சொன்னப்ப எம்புட்டு வலிச்சுச்சுன்னு எனக்குத்தான சார் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா வெளியே வந்து மரகதத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எந்த நரம்பையும் பார்ப்பதற்காக அல்ல, சும்மா.

அதன்பின் அறுபதுகளின் கடைசி வரை அந்த இருவரும் வந்தார்கள். மருமகள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூப்போட வருவாள், மாமியார் துணைக்கு வருவார். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவே. பூவைப் போட்டுவிட்டு வரும் வழியில் எங்கள் நிலையத்தில் வெள்ளை மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். தீட்டு வந்த மாதிரி விலக்கிவைக்கப்பட்ட குடும்பங்களையே பார்த்துப் பழகியிருந்த எங்களுக்கு, அந்தக் கூடையைப் பார்த்தால் அன்றைய வேலை லேசாகிவிடும். போகும்போது ஒரு முழம் பூவை டாக்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டுப் போவாள் மரகதம். சிலுவைப் படத்துக்கு அது. பேச்சியம்மாவின் தேமல் மறைந்தது, சுண்டுவிரல் மடங்கவே இல்லை. அந்தக் கையால் பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்.

மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டரம்மா சொன்ன நாளில் நானும் இருந்தேன். கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் கையைக் கழுவப் போனார். பேச்சியம்மா எழுந்திருக்கவில்லை. வலது கையை மருமகள் பக்கம் நீட்டினார்.

"நீ ஒரு தடவை அமுக்கிப் பாரு."

மரகதம் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கையை மடக்கி, பள்ளத்தில் விரலை வைத்து அமுக்கினாள்.

"ஓடுது தாயி. லேசா ஓடுது."

"நெசமாவா அத்தை? இல்ல, எனக்காகச் சொல்றீகளா?"

மரகதம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இந்தத் தடவையும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுக்கியபோது இடது புருவம் சின்னதாக ஒரு துள்ளுத் துள்ளியதை என் கண்ணால் பார்த்தேன்.

"நெசந்தான் தாயி" என்றேன்.